ஞாயிற்றுக்கிழமை யாருடைய லீவு?

நாலு பேர் சேர்ந்து டீ குடித்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் மதத்திலோ தேசத்திலோதான் போய் நிற்கும். அப்படி நிற்கிற பேச்சுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த லீவு விவகாரம். "ஞாயிற்றுக்கிழமை லீவு வெள்ளைக்காரன் சர்ச்சுக்குப் போக வைத்தது. நாம ஏன் அதையே பிடிச்சுக்கிட்டு தொங்கணும்?" என்று ஒருவர் கேட்பார். "அப்ப வெள்ளிக்கிழமை விடலாமா?" என்பார் இன்னொருவர். "அமாவாசைக்கு விடு, அதுதான் நம்ம வழக்கம்" என்பார் மூன்றாமவர். "எந்த நாளா இருந்தா என்ன, லீவு விட்டா சரி" என்று நாலாவது ஆள் சொல்லும்போது டீ தீர்ந்திருக்கும்.

கேள்வி விளையாட்டாகத் தெரிந்தாலும் இதைப் பல நாடுகள் ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையைத் தூக்கி எறிந்தே பார்த்திருக்கின்றன. பிரான்ஸ் செய்தது, ரஷ்யா செய்தது, பக்கத்தில் இருக்கும் இலங்கையும் செய்தது. என்ன ஆயிற்று என்று பார்த்தால் நம் டீக்கடை வாதத்துக்கும் ஒரு பதில் கிடைக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஏழு நாள் எங்கிருந்து வந்தது?

நாள் என்பது பூமி ஒரு சுற்று சுற்றுவது. மாதம் என்பது நிலாவின் கணக்கு. வருடம் சூரியனின் கணக்கு. வாரத்துக்கு மட்டும் வானத்தில் இப்படி நேரடியான கணக்கு எதுவும் கிடையாது. நிலாவின் ஒரு சுற்று சுமார் 29.5 நாள். அதை நாலாக வெட்டினால் 7.4 வரும். ஏழு வராது. (இந்த 0.4 பின்னால் ஒரு நாட்டையே படுத்தி எடுக்கப் போகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஏழு நாளுக்கு ஒரு ஓய்வு என்பது யூதர்களின் வழக்கம். அவர்களுக்கு ஓய்வு நாள் சனிக்கிழமை. கிழமைகளுக்குக் கோள்களின் பெயர் வைத்தது கிரேக்க, ரோமானிய உலகத்தில் வளர்ந்த சோதிடக் கணக்கு. இரண்டும் ஒன்றாகக் கலந்து உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

இங்கே ஒரு சின்ன புதிர். கிழமைகளின் வரிசை ஏன் ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்று இருக்கிறது? வானத்தில் இந்த வரிசையில் எதுவும் இல்லையே?

விடை நம் வீட்டு தினசரி காலண்டரிலேயே இருக்கிறது. அதில் ஓரை அல்லது ஹோரை என்று போட்டிருக்கும் பாருங்கள், அதுதான். பூமியைச் சுற்றுவதாக அந்தக் காலத்தில் நினைத்த ஏழையும் மெதுவாக நகர்வதிலிருந்து வேகமாக நகர்வது வரை வரிசைப்படுத்தினார்கள். சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன். ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் இதே வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மணியாகப் பங்கு போட்டார்கள். முதல் மணி யாருக்கோ, அந்த நாளுக்கு அவர் பெயர்.

ஞாயிறு காலை முதல் ஓரை சூரியனுக்கு. அடுத்து சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய். எட்டாவது மறுபடி சூரியன். அப்படியே 15-ம் 22-ம் சூரியன். 23 சுக்கிரன், 24 புதன். மறுநாள் முதல் ஓரை சந்திரனுக்கு. ஆக அது திங்கட்கிழமை! விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், ஏழு நாளும் சரியாக வரும். ஓரை என்ற சொல்லே கிரேக்கத்திலிருந்து வந்ததுதான். ஆங்கிலத்தில் மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது.

இந்தியாவில் பழைய கணக்கு திதியும் நட்சத்திரமும். கிழமையோடு தேதி குறித்த கல்வெட்டுகளில் நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது மத்தியப் பிரதேசத்தில் ஏரண் என்ற ஊரில் இருக்கும் தூண் கல்வெட்டு. குப்த மன்னர் புதகுப்தர் காலத்தது, கி.பி. 484. அந்த நாள் வியாழக்கிழமை. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய கோளறு பதிகத்தில் கோள்கள் இன்றைய கிழமை வரிசையிலேயே வருகின்றன. அதாவது சம்பந்தர் காலத்திலேயே இந்த வரிசை தமிழ்நாட்டில் சாதாரணமாகப் பழகிப்போன விஷயம்.

ஆக, வாரம் எந்த ஒரு மதத்துக்கும், எந்த ஒரு நாட்டுக்கும் தனிச் சொத்து இல்லை. யூதர் எண்ணிக்கை, கிரேக்கர் சோதிடம், ரோமானியர் பெயர், நம் பஞ்சாங்கம் எல்லாம் சேர்ந்த கூட்டுப் பொரியல்.

ஞாயிறு ஓய்வு நாள் ஆனது எப்போது?

கிறிஸ்தவர்களுக்கு ஏசு உயிர்த்தெழுந்த நாள் ஞாயிறு. அதனால் ஆரம்பத்திலிருந்தே அன்று கூடி வழிபட்டார்கள். ஆனால் அது சட்டப்படி ஓய்வு நாளானது கி.பி. 321-ல். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அந்த வருடம் மார்ச் மாதம் ஓர் ஆணை போட்டார். நீதிபதிகளும் நகரத்து மக்களும் கைவினைஞர்களும் சூரியனின் நாளில் ஓய்வெடுக்க வேண்டும். விவசாயிகளுக்கு மட்டும் விலக்கு, விதைக்க ஏற்ற நாள் தவறிவிடக் கூடாது என்பதற்காக. கவனியுங்கள், ஆணையில் இருந்த பெயர் 'சூரியனின் நாள்'. சூரியனைக் கும்பிட்டவர்களுக்கும் ஓகே, கிறிஸ்தவர்களுக்கும் ஓகே. பழுத்த அரசியல்வாதி!

இஸ்லாத்தில் வெள்ளிக்கிழமை கூட்டுத் தொழுகைக்கான நாள். குர்ஆனில் தொழுகைக்கு அழைக்கும்போது வியாபாரத்தை நிறுத்திவிட்டு வரச் சொல்லியிருக்கிறது. முடிந்ததும் கலைந்துபோய்ப் பிழைப்பைப் பார்க்கலாம் என்றும் இருக்கிறது. முழுநாள் ஓய்வு என்பது அதில் கட்டாயம் கிடையாது. வெள்ளிக்கிழமையை வார விடுமுறையாக அறிவித்தது பெரும்பாலும் நவீன அரசாங்கங்கள்தான்.

நம் ஊரில் என்ன வழக்கம்?

நம் ஊரில் எல்லோருக்கும் பொதுவான வார விடுமுறை இருந்ததில்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி விடுமுறை விடுவார்கள். அதற்கு 'வாவு' என்று பெயர். உவா என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது. கொத்தனார், ஆசாரி வேலைகளில் அமாவாசைக்கு வேலை நிறுத்தும் வழக்கம் இன்றும் பல ஊர்களில் இருக்கிறது. சலூனுக்குச் செவ்வாய்க்கிழமை போனால் ஷட்டரைத்தான் பார்க்கலாம். அரபி மதரசாக்களுக்கு வெள்ளி லீவு. குமரி மாவட்டக் கடற்கரையில் கத்தோலிக்க மீனவர்கள் ஞாயிறு கடலுக்குப் போக மாட்டார்கள்.

ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனி ஓய்வு. விவசாயக் கூலிக்கு எது ஓய்வு? மழை பெய்தால் ஓய்வு, வேலை இல்லாவிட்டால் ஓய்வு. இரண்டுக்கும் கூலி கிடையாது.

கம்பெனி ஆட்சி வந்ததும் அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் ஞாயிறு ஓய்வு வழக்கமானது. அது வெள்ளைக்கார துரைமார்களின் பழக்கம், சந்தேகமில்லை. நம் டீக்கடை நண்பர் இதோடு கதையை முடித்துக்கொள்கிறார். ஆனால் பஞ்சாலைத் தொழிலாளிக்கு ஞாயிறு லீவு எப்படி வந்தது என்று கேட்டால்தான் நிஜமான கதை ஆரம்பிக்கிறது.

லோகாண்டே என்று ஒருவர்

1870-80களில் பம்பாயில் பஞ்சாலைகள் வேகமாகப் பெருகின. மின்விளக்கு இல்லாத காலம். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை வேலை. கோடைக்காலத்தில் பகல் நீளம் என்பதால் வேலையும் நீளம். முதலாளிகள் பெரும்பாலும் இந்தியர்கள். வார விடுமுறை என்று ஒன்று உறுதியாகக் கிடையாது. மெஷின் நின்றாலும் அதைத் துடைத்துச் சுத்தம் செய்ய ஆள் வர வேண்டும்.

1881-ல் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. அது முக்கியமாகக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றித்தான் கவலைப்பட்டது. 7 வயது முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, மாதம் 4 நாள் விடுமுறை. (ஏழு வயதுப் பிள்ளை 9 மணி நேரம்! அதுவே அன்றைக்குச் சீர்திருத்தம்.) பெரியவர்களின் வேலை நேரத்தைப் பற்றியோ விடுமுறையைப் பற்றியோ சட்டத்தில் ஒன்றும் இல்லை.

அப்போது வந்தவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. 1848-ல் பிறந்தவர், ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் இயக்கத்தைச் சேர்ந்தவர். பஞ்சாலை ஒன்றில் ஸ்டோர்கீப்பராக இருந்து, பிறகு 'தீனபந்து' என்ற மராத்திப் பத்திரிகையை நடத்தினார். 1884-ல் பம்பாயில் தொழிலாளர் கூட்டங்களைக் கூட்டி, 5,500 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்றை அரசு அமைத்திருந்த கமிஷனிடம் கொடுத்தார். கேட்டது என்ன? ஞாயிறு தோறும் விடுமுறை. நண்பகலில் அரை மணி நேர இடைவேளை. காலை 6.30 முதல் பொழுது சாயும் வரை மட்டும் வேலை. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள். வேலையில் காயம்பட்டால் உதவித்தொகை.

அரை மணி நேர இடைவேளையைக்கூட மனுப் போட்டுக் கேட்க வேண்டியிருந்த காலம் அது.

ஆறு வருடம் இழுத்தது. 1890 ஏப்ரலில் பம்பாயில் நடந்த கூட்டத்துக்கு சுமார் 10,000 தொழிலாளர்கள் வந்தார்கள். இரண்டு பெண் தொழிலாளர்கள் மேடையேறிப் பேசினார்கள். அதே வருடம் ஜூன் 10-ம் தேதி ஆலை முதலாளிகள் சங்கம் வாரம் ஒரு நாள் விடுமுறைக்குச் சம்மதித்தது. அடுத்த வருடம், 1891-ல், திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டத்திலேயே வார விடுமுறை ஏறியது.

ஏன் ஞாயிறு? மகாராஷ்டிரத்து உழைக்கும் மக்களின் குலதெய்வமான கண்டோபாவுக்கு உகந்த நாள் ஞாயிறு. அதை லோகாண்டே ஒரு வாதமாக முன்வைத்தார் என்று சொல்வார்கள். ஆக, 'கிறிஸ்தவ லீவு' என்று நாம் நினைப்பதை மராத்தித் தொழிலாளிகள் தங்கள் குலசாமி பெயரைச் சொல்லி, பெரும்பாலும் இந்திய முதலாளிகளிடமிருந்து போராடி வாங்கியிருக்கிறார்கள்! வெள்ளைக்காரன் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனதில்லை. லோகாண்டே 1897-ல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோயில் மக்களுக்கு உதவி செய்துகொண்டிருந்தபோது அதே நோயில் இறந்தார். 2005-ல் அவருக்கு இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. நம் பாடப் புத்தகங்களில் மனுஷனை நான் பார்த்ததே இல்லை.

பத்து நாள் வாரம்: பிரான்ஸ்

இப்போது ஞாயிறை ஒழிக்கப் பார்த்தவர்கள் கதைக்கு வருவோம். முதலில் பிரெஞ்சுப் புரட்சி. ராஜாவைத் தூக்கியாயிற்று, மாதா கோயிலின் அதிகாரத்தையும் தூக்க வேண்டும். காலண்டரில் இருப்பதெல்லாம் புனிதர்களின் பெயர், திருநாள். எனவே 1793-ல் புதுக் காலண்டர் கொண்டுவந்தார்கள். மாதம் 30 நாள். ஒவ்வொரு மாதத்துக்கும் 10 நாள் கொண்ட மூன்று 'வாரம்'. பத்தாவது நாள் ஓய்வு. கடிகாரத்தையே நாளுக்கு 10 மணி நேரமாக மாற்றினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டால் விஷயம் புரியும். ஏழுக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு 52 ஓய்வு. பத்துக்கு ஒன்று என்றால் 36. புரட்சி வந்து லீவு குறைந்துபோனது! ஜனங்கள் விடுவார்களா? அரசு சொன்ன பத்தாம் நாளிலும் கடையை மூடினார்கள், ஞாயிறும் வேலைக்கு வராமல் இருக்கப் பார்த்தார்கள். 1798-ல் கடுமையான சட்டம் போட்டுப் பார்த்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. 1802-ல் அரசு ஊழியர்களுக்கு மீண்டும் ஞாயிறு ஓய்வு. 1805 டிசம்பர் 31-ஓடு நெப்போலியன் அந்தக் காலண்டரையே மூட்டை கட்டினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மதத்தையும் அரசையும் பிரிக்கும் புகழ்பெற்ற சட்டத்தை பிரான்ஸ் 1905-ல் போட்டது. அடுத்த வருடமே, 1906-ல், தொழிலாளர்களுக்கு வார ஓய்வு என்று இன்னொரு சட்டம் போட்டது. எந்த நாள்? ஞாயிறு! மதத்தை வெளியே அனுப்பிய கையோடு ஞாயிறை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள், தொழிலாளியின் உரிமை என்ற பெயரில்.

ஐந்து நிறங்கள்: சோவியத் ரஷ்யா

அடுத்தது இன்னும் பயங்கரம். 1929-ல் யூரி லாரின் என்பவர் ஒரு யோசனை சொன்னார். வாரத்துக்கு ஒரு நாள் மெஷினை ஏன் நிறுத்த வேண்டும்? வருடம் முழுவதும் ஓடட்டும். ஆட்கள் மட்டும் மாறி மாறி ஓய்வெடுக்கட்டும். அந்த வருடமே இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வாரத்துக்கு ஐந்து நாள். நாலு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. தொழிலாளர்களை ஐந்து கூட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்தார்கள். மஞ்சள், ரோஜா, சிவப்பு, ஊதா, பச்சை. எந்த நாளிலும் நாலு நிறம் வேலையில் இருக்கும், ஒரு நிறம் வீட்டில் இருக்கும். உற்பத்தியும் பெருகும், ஞாயிறு சர்ச்சுக்குப் போகும் பழக்கமும் தன்னால் ஒழியும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

கவனியுங்கள், ஓய்வு நாட்கள் இதில் கூடத்தான் செய்தன. ஏழுக்கு ஒன்றுக்குப் பதில் ஐந்துக்கு ஒன்று. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? படவில்லை. புருஷன் மஞ்சள், பெண்டாட்டி பச்சை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு நாள் லீவு. ஒரே வீட்டில் இருந்தாலும் ஒரே நாளில் ஓய்வு கிடையாது. வீட்டில் யாருமே இல்லாதபோது லீவு எடுத்து என்ன செய்வது, தனியாக டீ குடிக்க ஒரு லீவா என்கிற தோரணையில் 'பிராவ்தா' பத்திரிகைக்குத் தொழிலாளர் தரப்பிலிருந்து கடிதம் போனதாக வரலாற்று நூல்களில் குறிப்பிடுகிறார்கள்.

ஆலையிலும் கோளாறு. மெஷின் ஓய்வே இல்லாமல் ஓடினால் பழுது பார்ப்பது எப்போது? ஆள் மாறிக்கொண்டே இருந்தால் பழுதுக்கு யார் பொறுப்பு? 1931-ல் ஸ்டாலினே இதைக் குறை சொல்லிப் பேசினார். அந்த வருடக் கடைசியில் ஆறு நாள் வாரத்துக்கு மாறினார்கள். 6, 12, 18, 24, 30 ஆகிய தேதிகளில் பொது ஓய்வு. கிராமங்களில் ஜனங்கள் பழைய வாரத்தையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 1940 ஜூன் 26-ம் தேதி ஆணை ஒன்றில் ஏழு நாள் வாரமும் ஞாயிறு ஓய்வும் திரும்ப வந்தன. ஆனால் இலவசமாக வரவில்லை. அதே ஆணையில் வேலை நேரம் 8 மணியாக உயர்ந்தது, அனுமதியில்லாமல் வேலையை விட்டுப் போவது குற்றமானது.

ரஷ்ய மொழியில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பெயர் 'வஸ்க்ரெசேனியே'. அர்த்தம், உயிர்த்தெழுதல். கடவுள் இல்லை என்று சொன்ன அரசின் காலண்டரில் வாரா வாரம் ஏசு உயிர்த்தெழுந்துகொண்டே இருந்தார் :-)

நிலாவைத் துரத்திய இலங்கை

நமக்கு மிகப் பக்கத்தில் நடந்தது இது. ஆனால் நம்மில் பலருக்குத் தெரியாது. இலங்கையில் பௌத்தர்களுக்குப் போயா நாட்கள் புனிதமானவை. பௌர்ணமி, அமாவாசை, இடையில் வரும் இரண்டு அரைநிலா நாட்கள் என மாதம் நாலு. சுதந்திரத்துக்குப் பிறகு பௌத்தத்துக்கு உரிய இடம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. டட்லி சேனநாயக்க அரசு 1966 முதல் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, போயா நாளையும் அதற்கு முந்தைய நாளையும் வார இறுதியாக்கியது.

நமது டீக்கடையின் மூன்றாவது நண்பர் கேட்டது கிட்டத்தட்ட இதுதான். நடந்தது என்ன?

அந்த 0.4 ஞாபகம் இருக்கிறதா? இரண்டு போயாக்களுக்கு நடுவே சில சமயம் ஏழு நாள், சில சமயம் எட்டு நாள். எனவே வார இறுதி ஒரே கிழமையில் நிற்காமல் நகர்ந்துகொண்டே போகும். இந்த மாதம் புதன்கிழமை லீவு என்றால் அடுத்த மாதம் வியாழனோ வெள்ளியோ. காலண்டரைப் பார்க்காமல் நாளை பள்ளிக்கூடம் உண்டா என்று சொல்ல முடியாது. தேயிலையை உலகத்துக்கு விற்றுப் பிழைக்கும் நாடு. உலகச் சந்தை திறந்திருக்கும் புதன்கிழமை கொழும்பில் லீவு. கொழும்பு திறந்திருக்கும் ஞாயிறு உலகம் முழுக்க லீவு. சிங்களரிலும் தமிழரிலும் இருக்கும் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு வேலை நாளாகிப் போனது.

ஐந்தரை வருடம் ஓடியது. 1971-ல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு சனி ஞாயிறைத் திரும்பக் கொண்டுவந்தது. அடுத்த வருடம், 1972-ல், அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்ததும் இதே அரசுதான். மதப்பற்று குறைந்து ஞாயிறுக்குத் திரும்பவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பௌர்ணமிப் போயா மட்டும் மாதந்தோறும் பொது விடுமுறையாக இன்றும் தொடர்கிறது. பௌத்தப் பிள்ளைகளுக்கான அறநெறிப் பாடசாலைகள் இலங்கையில் எந்த நாளில் நடக்கின்றன தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைகளில்!

வெள்ளிக்கிழமைக் கதைகள்

பாகிஸ்தானில் 1977-ல், தேர்தல் தகராறில் சிக்கியிருந்த சுல்பிகர் அலி பூட்டோ, மதக் கட்சிகளைச் சமாதானப்படுத்த வெள்ளிக்கிழமையை வார விடுமுறையாக்கினார். அதே கையோடு மதுவிலக்கும். 20 வருடம் கழித்து, 1997-ல், நவாஸ் ஷெரீஃப் ஞாயிறுக்கே திரும்பினார். காரணம் வியாபாரம்.

சவுதி அரேபியாவில் வியாழன், வெள்ளி விடுமுறையாக இருந்தது. சனி ஞாயிறு விடும் நாடுகளோடு பார்த்தால் பொதுவான வேலை நாள் மூன்றுதான். 2013-ல் வெள்ளி, சனி என்று மாற்றியதும் அது நாலாக உயர்ந்தது. ஐக்கிய அரபு அமீரகம் இன்னும் ஒரு படி போய், 2022 ஜனவரி முதல் மத்திய அரசு அலுவலகங்களுக்கு சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள் என்று அறிவித்தது. வளைகுடாவில் இருக்கும் நம்மூர் கிறிஸ்தவர்களைக் கேட்டால், அங்கே வெள்ளிக்கிழமை சர்ச்சுக்குப் போன கதையைச் சொல்வார்கள். அன்றைக்குத்தானே எல்லோருக்கும் லீவு!

சரி, முடிவாக என்ன சொல்கிறாய்?

எல்லாக் கதையிலும் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. லீவு நாளை மதத்தின் பெயரால் மாற்றினார்கள், மதத்தை ஒழிக்கவும் மாற்றினார்கள், தேசத்தின் பெயராலும் மாற்றினார்கள். எல்லோரும் முட்டிக்கொண்ட சுவர் ஒன்றுதான். ஓய்வு நாள் என்பது எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதைவிட, எல்லோருக்கும் சேர்ந்து வருகிறதா என்பதுதான் முக்கியம். கல்யாணத்துக்குப் போக, கிரிக்கெட் ஆட, சங்கம் கூட்ட, கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போக, சும்மா வீட்டில் சண்டை போடக்கூட இன்னொருவரும் லீவில் இருக்க வேண்டுமே!

அந்த நாள் ஞாயிறாக இருப்பது வரலாற்றின் விபத்து. வேறு நாளாக இருந்திருந்தாலும் ஒன்றும் குடி முழுகிப் போயிருக்காது. ஆனால் இப்போது அது பொதுவாகிவிட்டது, அதுதான் அதன் மதிப்பு. கண்டோபா பக்தர்களும் பாரிஸ் தொழிலாளிகளும் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். கான்ஸ்டன்டைனுக்கு ராயல்டி கட்ட வேண்டியதில்லை.

இதை நான் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் வேறு. ஞாயிறு கிறிஸ்தவ லீவா, வெள்ளி முஸ்லிம் லீவா என்று நாம் அடித்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பொது நாள் சத்தமில்லாமல் நழுவிக்கொண்டிருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் வருடத்தின் எல்லா நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019-ல் ஆணையிட்டது. ஊழியர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு, ஆனால் சுழற்சி முறையில். ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா ஜவுளிக்கடையில், அவருக்குச் செவ்வாய் ஆஃப். அப்பா செக்யூரிட்டி, அவருக்கு வியாழன். அண்ணன் சாப்பாடு டெலிவரி, அவனுக்கு ஞாயிறுதான் அதிக ஆர்டர். தங்கைக்குப் பள்ளிக்கூட லீவு ஞாயிறு. மஞ்சள், பச்சை, ஊதா என்று அட்டை கொடுக்கவில்லையே தவிர, லாரின் சொன்ன வாரம்தான் இது. அங்கே அரசாங்கம் கட்டாயப்படுத்திச் செய்து கடைசியில் கைவிட்டது. இங்கே நம் ஞாயிற்றுக்கிழமை ஷாப்பிங்கும் பிரியாணி ஆர்டரும் அதைத் தானாக நடத்திக்கொண்டிருக்கின்றன.

ஆஸ்பத்திரியும் பஸ்ஸும் ஞாயிறும் ஓடத்தான் வேண்டும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சேலை திங்கட்கிழமை வரை காத்திருக்காதா?

லோகாண்டே மனுவில் கையெழுத்துப் போட்ட 5,500 பேரில் இந்துக்களும் முஸ்லிம்களும் எத்தனை சாதியாரும் இருந்திருப்பார்கள். எந்த நாள் யார் சாமிக்கு என்று பிரிந்து நின்றிருந்தால் ஒரு நாள்கூடக் கிடைத்திருக்காது. அடுத்த முறை டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தால், "யாருடைய லீவு?" என்பதோடு "யாருக்கெல்லாம் லீவு இல்லை?" என்றும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் ஊரில் எந்தத் தொழிலுக்கு எந்த நாள் லீவு, அதற்கு என்ன காரணம் சொல்கிறார்கள் என்று தெரிந்தால் கட்டாயம் எழுதுங்கள். சலூனுக்குச் செவ்வாய் லீவு ஏன் என்பதற்கு மட்டும் எனக்கு இதுவரை நாலு விதமான விளக்கம் கிடைத்திருக்கிறது. அது தனிப் பதிவு!